மசாஜ் முடிந்த பிறகு வரும் இரண்டு நாள்: எது சாதாரண வலி, எதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியெல்லாம் எண்ணெய் வாசம்தான். தைலக் குப்பிகளை வரிசையாக அடுக்கிவைத்து ஆள் கூப்பிடுகிறவர்கள் ஒரு பக்கம். பாளையங்கோட்டையில் 1964இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்குப் போய் முறைப்படி தொக்கணம், அதாவது சித்த மருத்துவ மசாஜ், செய்துகொள்கிறவர்கள் இன்னொரு பக்கம். குறுக்கு, அதாவது கீழ்முதுகு, பிடித்துக்கொண்டால் உருவிவிடுகிற பெரியவர் ஊருக்கு ஒருவர் இருப்பார். முடி வெட்டி முடித்ததும் தலையைத் தட்டிக் கழுத்தைச் சொடுக்கிவிடுகிற சலூனும் இந்தக் கணக்கில்தான் வரும்.

சித்த மருத்துவம் தொக்கணத்தைத் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பதாகப் பிரிக்கிறது. எந்த வகையானாலும் தசையும் தோலும் நரம்பும் ஒரு வேலையை வாங்கிக்கொள்கின்றன. அந்த வேலைக்குப் பின் அவற்றுக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும். நம் பக்கத்தில் நடப்பது என்னவென்றால், பிடித்து முடித்த கையோடு அருவியில் போய் நிற்கிறோம், அன்று இரவே வேனில் ஏறி ஊர் திரும்புகிறோம், மறுநாள் வலித்தால் இன்னொரு தடவை பிடிக்கச் சொல்கிறோம். தொல்லை பெரிதாவது பல நேரம் இங்கேதான்.

படுக்கையிலிருந்து எழுவது

அரை மணி நேரம் குப்புறப் படுத்துவிட்டு விசுக்கென்று எழுந்தால் கிறுகிறுவென்று வரும். உடம்பு தளர்ந்திருக்கும், ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும். எழுந்த வேகத்தில் ரத்தம் காலுக்கு இறங்கிவிட, தலைக்குப் போய்ச் சேரச் சில நொடி பிந்துகிறது. ரத்த அழுத்தத்துக்கோ புராஸ்டேட் வீக்கத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்கும் இது கூடுதலாக இருக்கும்.

அதனால் முதலில் ஒருக்களித்துப் படுத்து ஒரு நிமிடம் இருங்கள். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, பாதத்தை மேலும் கீழுமாகப் பத்துப் பதினைந்து தடவை ஆட்டுங்கள். கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போது கீழே தேங்கின ரத்தத்தை மேலே தள்ளிவிடும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து, எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். தரையில் கால் வைக்கும் முன் உள்ளங்காலில் இருக்கிற எண்ணெயைப் பழைய பருத்தித் துணியால் துடைத்துவிட வேண்டும். இதை மறந்துவிட்டு மொசைக் தரையில் வழுக்கி விழுந்தால், மசாஜில் வராத காயம் அதில் வந்துவிடும்.

கண் இருட்டிக்கொண்டு வந்தால் அப்படியே படுத்துவிடுங்கள். காலுக்கடியில் தலையணையோ பையோ வைத்து ஒரு முழம் உயர்த்தினால் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். முழு நினைவு திரும்பும் முன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். வண்டி ஓட்டுகிறவர்கள் குறைந்தது அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். செருப்பிலும் பிரேக் மிதியிலும் எண்ணெய் இருந்தால் கால் நழுவும்.

எண்ணெய், குளியல், அருவி

எண்ணெய் எவ்வளவு நேரம் ஊறுகிறதோ அவ்வளவு நல்லது, எலும்பு வரைக்கும் இறங்கும் என்பார்கள். எண்ணெய் தோலின் மேலடுக்கோடு நின்றுவிடும். இருபது முப்பது நிமிடம் போதும். அதற்கு மேல் வெயிலில் காய்ந்தால் வேர்வைத் துவாரம் அடைத்து வேர்க்குருதான் வரும்.

குளிப்பதற்கு முன் துணியால் ஒரு தடவை நன்றாகத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் மாவு போட்டால் எண்ணெயும் மாவும் பிசுபிசுவென்று திரண்டு மயிர்க்கால்களில் அப்பிக்கொள்ளும். பெரியவர் ஒருவருக்கு நான்கைந்து மேசைக்கரண்டி பயற்றமாவை வடிகஞ்சியிலோ வெந்நீரிலோ கூழாகக் கரைத்து உடம்புக்குத் தேயுங்கள். தலைக்குச் சீயக்காய். பாதத்திலிருந்து தொடங்கினால் குளியலறையில் வழுக்காது. பீர்க்கன் நார் போட்டு அரக்கித் தேய்ப்பது அன்று வேண்டாம், தோல் ஏற்கெனவே உரசிச் சிவந்திருக்கும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் குளிரும் தெரியாமல் இருக்கிற பதம்.

இனி அருவி. மசாஜ் முடிந்ததும் அருவியில் நிற்பது குற்றாலத்து வழக்கமாகவே ஆகிவிட்டது. பேரருவித் தண்ணீர் பாறையில் இருக்கிற பொங்குமாகடல் என்கிற ஆழமான பள்ளத்தில் விழுந்து, நிறைந்து, வேகம் தணிந்துதான் நாம் குளிக்கிற இடத்துக்கு வருகிறது. தணிந்து வந்தும் சீசனில் தோளில் அடிக்கிற அடி லேசானதில்லை. ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் அப்படியேதான். அருவியே ஒரு தட்டல் தொக்கணம். பிசைந்து தளர்ந்த தசை மேல் அது கால் மணி நேரம் விழுந்தால், ஒரே நாளில் இரண்டு மசாஜ் எடுத்த கணக்கு. ‘குத்தாலத்துக்குப் போய்விட்டு வந்து மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை’ என்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், இரண்டையும் அடுத்தடுத்துச் செய்திருப்பார்கள்.

இரண்டும் வேண்டுமென்றால் காலையில் அருவி, சாயங்காலம் லேசான மசாஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் வேறு வேறு நாளில் வைப்பது இன்னும் நல்லது. முதலிலேயே மசாஜ் எடுத்துவிட்டீர்கள் என்றால், தங்கியிருக்கிற அறையில் எண்ணெயைக் கழுவிவிட்டு அருவிக்குப் போங்கள். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் பாறையில் வழிகிற எண்ணெய் அடுத்து வருகிற குழந்தையை வழுக்கிவிடும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். தண்ணீர் தோளிலும் மேல்முதுகிலும் விழட்டும். பிடரியிலும் குறுக்கிலும் நேராக வாங்காதீர்கள். சூடான உடம்போடு குளிர்ந்த தண்ணீருக்குள் பாய்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இருதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. முதலில் கால், பிறகு கை, பிறகு தோள் என்று பழக்கிக்கொண்டு இறங்குங்கள். தாமிரபரணிப் படித்துறைகளுக்கும் இதே எச்சரிக்கைதான். பாசி பிடித்த படியில் எண்ணெய்க் காலோடு இறங்குவதைப்போல வம்பு வேறில்லை.

மது குடித்துவிட்டு மசாஜுக்குப் படுப்பதையும், முடித்த கையோடு குடிப்பதையும் விட்டுவிடுங்கள். கிறக்கம் கூடும். வலி தெரியாது, அதனால் அளவுக்கு மீறி அழுத்தினாலும் ‘போதும்’ என்று சொல்ல மாட்டீர்கள்.

மறுநாள் வருகிற மேலு வலி

அன்று சாயங்காலமோ மறுநாள் காலையோ தொடங்கி, ஒன்று இரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், மூன்றாம் நாள் வடிந்துவிடுவது சாதாரண வலி. பல மாதம் கழித்து மண்வெட்டி பிடித்த மறுநாள் இருக்குமே, அந்த மாதிரி. தொட்டால் நோகும், அசைத்தால் பிடிக்கும், சும்மா இருந்தால் மறந்துபோகும். அழுத்தத்தில் தசைநார்களில் நுண்ணிய காயம் பட்டு லேசாக வீங்குவதுதான் காரணம். கூடவே கொஞ்சம் தலைபாரமும் அசதியும் தூக்கமும் இருக்கலாம்.

‘கெட்ட நீர் வெளியே போகிறது, வலிக்கத்தான் செய்யும்’ என்று சொல்வார்கள். அதை நம்பி வலியைப் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். மசாஜ் எந்த நஞ்சையும் உடம்பிலிருந்து கரைத்து வெளியேற்றுவதாக நிரூபணம் இல்லை. உழைக்கும்போது தசையில் சேர்கிற லாக்டிக் அமிலம், உழைப்பை நிறுத்தி ஒரு மணி நேரம் போல ஆனதும் தானாகவே குறைந்துவிடுகிறது. அதை யாரும் பிழிந்து எடுக்க வேண்டியதில்லை. ஆகவே நஞ்சு போக மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் என்கிற கணக்கும் தேவையில்லை. முடிந்ததும் ஒன்றிரண்டு டம்ளர், பிறகு தாகத்துக்கு ஏற்ப. சிறுநீர் வெளிர்மஞ்சளாகப் போனால் போதும். இருதயம், சிறுநீரகக் கோளாறுக்காக மருத்துவர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவை மசாஜுக்காக மீற வேண்டாம்.

வலிக்கு முதல் வைத்தியம் நடப்பது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் தெருவில் மெதுவாக நடந்துவிட்டு வாருங்கள். படுத்தே கிடந்தால் இறுக்கம் கூடும். வெந்நீர்ப் பை ஒத்தடம் பதினைந்து நிமிடம், துணி சுற்றித்தான் வைக்க வேண்டும். தைலமோ பாமோ தடவிய இடத்தில் ஒத்தடம் கொடுக்காதீர்கள். கற்பூரமும் மென்தாலும் உள்ள மருந்து சூட்டோடு சேர்ந்தால் தோல் வெந்துவிடும். சுக்குக் காப்பி இதமாக இருக்கும், குடிக்கலாம். கருப்பட்டி போட்டதென்றால் சர்க்கரை நோயாளிகளுக்கு அதுவும் சர்க்கரைதான்.

தாங்க முடியாவிட்டால் பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்று, தேவைப்பட்டால் 6 மணி நேரம் கழித்து இன்னொன்று. கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தினம் குடிக்கிறவர்களும் இதையும் மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் ‘மேலு வலிக்கு’ என்று கேட்டால் டைக்ளோபினாக் கையில் வந்துவிடலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இருதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது.

மறுபடி பிடிப்பதற்குக் குறைந்தது 48 மணி நேரம் இடைவெளி விடுங்கள். வலி முழுதும் போயிருக்க வேண்டும் என்பது அதைவிடச் சரியான கணக்கு. நோகிற தசையை மறுநாளே போட்டுப் பிசைந்தால் அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும், ராத்திரி இரட்டிப்பாக வலிக்கும்.

இதைத் தின்னாதே, அதைத் தின்னாதே என்று எண்ணெய்க் குளியல் நாளுக்குச் சொல்கிற பத்தியம் எதுவும் தசைக்குத் தேவையில்லை. சொதியும் இஞ்சிப் பச்சடியும் தாராளமாகச் சாப்பிடலாம். சித்த மருத்துவர் உள்மருந்து கொடுத்து அதற்குப் பத்தியம் சொல்லியிருந்தால் அதைக் கடைப்பிடியுங்கள்.

கன்னிப்போன இடம்

மறுநாள் தொடையிலோ முதுகிலோ நீலம் பாரித்திருந்தால் தோலுக்கடியில் சிறு ரத்தக்குழாய்கள் உடைந்திருக்கின்றன. சிவப்பில் தொடங்கி நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி இரண்டு வாரத்துக்குள் மறையும். முதல் ஒன்றிரண்டு நாள் துணியில் சுற்றின ஐஸை ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் வீதம் நாளுக்கு மூன்று நான்கு முறை வையுங்கள். அதற்குப் பிறகு வெந்நீர் ஒத்தடம். முதல் நாளே சூடு வைத்தால் கசிவு கூடும். ரத்தக்கட்டைக் கரைக்கிறேன் என்று அதே இடத்தைத் தேய்ப்பதும் அப்படித்தான்.

பேனாவால் நீலத்தின் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டுவையுங்கள். மறுநாள் நிறம் கோட்டைத் தாண்டிப் பரவி, தோல் விறைத்து, வலியும் ஏறினால் உள்ளே இன்னும் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்பரின் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு லேசாகப் பிடித்தாலே கன்னிவிடும். வார்பரின் சாப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வலி பாம்களிலும் சில தைலங்களிலும் உள்ள மீதைல் சாலிசிலேட் தோல் வழியாக உள்ளே போய் அந்த மருந்தின் வேகத்தைக் கூட்டும். குப்பியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தடவச் சொல்லுங்கள்.

தோலில் வருகிறவை

எண்ணெய் ஒத்துக்கொள்ளாவிட்டால் சில நிமிடத்திலிருந்து இரண்டு மூன்று நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் தடித்துச் சிவந்து அரிக்கலாம். உடனே பயற்றமாவோ லேசான சோப்போ போட்டுக் கழுவிவிட்டு, வேறு எந்தத் தைலமும் தடவாமல் விடுங்கள். அரிப்புக்குக் குளிர்ந்த ஈரத்துணி போதும். முகமோ உதடோ வீங்கினால், மூச்சுத் திணறினால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். புதிய தைலம் எதுவானாலும் முந்தின நாளே முன்கையின் உட்புறத்தில் காசளவு தடவி 24 மணி நேரம் பார்த்துவிடுவது நல்லது.

மயிர்க்கால்களில் சின்னச் சின்னக் கொப்புளம் வந்தால், எண்ணெய் தேங்கி, மயிர் எதிர்த்திசையில் இழுபட்டு அழற்சி கண்டிருக்கிறது. கிள்ளாதீர்கள். அந்த இடத்தைச் சவரம் செய்யாதீர்கள். நாளுக்கு இரண்டு வேளை கழுவி, இறுக்கமில்லாத பருத்தி உடுப்பு போட்டால் சில நாளில் அடங்கும். சூடும் வலியுமாகப் பெருத்தால், காய்ச்சல் வந்தால் மருத்துவர்.

பாயும் துண்டும் தருகிற நோய்கள் தாமதமாகத்தான் தெரியும். வட்ட வட்டமாக ஓரம் தடித்து வருகிற படர்தாமரை ஒன்றிரண்டு வாரத்தில் தலைகாட்டும். சொறி சிரங்கு முதல் தடவை தொற்றினால் 2 முதல் 6 வாரம் கழித்துத்தான் அரிக்கத் தொடங்கும், விரல் இடுக்கில், ராத்திரியில் கூடுதலாக. அதற்குள் மசாஜ் எடுத்ததே மறந்திருக்கும். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கடையில் கேட்டு வாங்கிப் பூசினால் முதலில் அடங்கின மாதிரி இருந்து பிறகு உடம்பெல்லாம் பரவும். உங்கள் துண்டையும் விரிப்பையும் நீங்களே கொண்டுபோவது இதற்கெல்லாம் சுலபமான காப்பு. தைலத்தில் சிக்கு வாடை அடித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கெண்டைக்கால்: இதை மட்டும் யாரும் அலட்சியம் செய்யாதீர்கள்

சென்னையிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்து இறங்குகிறோம். கால் கனக்கிறது, ‘நல்லா உருவி விடுங்க’ என்று நீட்டுகிறோம். இரண்டு காலும் சமமாக வீங்கியிருந்தால் பெரும்பாலும் உட்கார்ந்து வந்த நீர்தான். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, கெண்டைக்காலில் நோவோடு இருந்தால் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலை உருவினால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளக்கூடும். உயிரைப் பறிக்கிற விபத்து அது.

அறுவை சிகிச்சை முடிந்து சில வாரமே ஆனவர்கள், பிரசவமாகி 6 வாரம் ஆகாதவர்கள், மாவுக்கட்டு போட்டு நாள் கணக்கில் படுத்திருந்தவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முன்பே ஒருமுறை ரத்தம் உறைந்தவர்கள் ஆகியோருக்கு இந்த வாய்ப்பு கூடுதல்.

மசாஜுக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் நோகிறதென்றால் தையல் டேப்பை எடுங்கள். முட்டிக்குக் கீழே முன்பக்கம் கைக்குத் தட்டுப்படுகிற எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு கால்களிலும் சுற்றளவு எடுங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றே ஸ்கேன் பார்க்க வேண்டும். வித்தியாசம் குறைவாக இருந்தாலும் சூடும் சிவப்பும் நோவும் சேர்ந்து இருந்தால் காட்டிவிடுங்கள், அளவு மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. காலைத் தேய்க்காமல், கட்டுப் போடாமல் போங்கள். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் குத்துகிற நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் — இவற்றில் ஒன்று வந்தாலும் 108.

பிரச்சனை இல்லாதவர்களும் திரும்பிப் போகிற ராத்திரிப் பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். இறங்க முடியாதபோது உட்கார்ந்தபடியே பாதத்தை ஆட்டுங்கள்.

கழுத்துச் சொடுக்கு

தலையைப் பிடித்துச் சட்டென்று திருப்பி ‘டக்’கென்று சத்தம் கேட்க வைப்பதை ஒரு சேவைபோலச் செய்துவிடுகிறார்கள், கேட்காமலே. அந்தச் சத்தத்தால் கழுத்துக்கு எந்த லாபமும் இல்லை. மூட்டுக்குள் இருக்கிற நீரில் வாயுக்குமிழி உண்டாகிற சத்தம் அது. கழுத்தெலும்புகளின் துளை வழியாக மூளைக்கு இரண்டு ரத்தக்குழாய்கள் போகின்றன. வேகமாகத் திருகும்போது அரிதாக அவற்றின் உட்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். இளவயதினருக்கும் இது வருகிறது. அரிது என்பதற்காகத் துணிய வேண்டாம். ‘கழுத்தைத் திருப்பாதீங்க அண்ணாச்சி’ என்று நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள், அவர்கள் வருத்தப்பட மாட்டார்கள்.

அறிகுறி உடனே வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. சில மணி நேரமோ சில நாளோ கழித்தும் வரலாம். இதுவரை வராத மாதிரியான கடுமையான கழுத்துவலியோ பின்மண்டை வலியோ ஒருபக்கமாக வருவது முதல் எச்சரிக்கை. தலைசுற்றி நடை தள்ளாடுவது, பொருள் இரண்டாகத் தெரிவது, ஒரு கண்ணிமை இறங்குவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு கையோ காலோ தொய்வது இதில் சேரும். எலுமிச்சம்பழம் தேய்ப்பதிலும் மறுபடி உருவிவிடச் சொல்வதிலும் நேரம் போக்காதீர்கள். உறைந்த ரத்தத்தைக் கரைக்கிற ஊசியை அறிகுறி தொடங்கின நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். 108ஐக் கூப்பிட்டு, கழுத்து பிடித்தபின் வந்தது என்பதையும் தொடங்கின நேரத்தையும் சொல்லுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைப்போல சி.டி. ஸ்கேன் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போவதுதான் முக்கியம்.

நரம்பு, சிறுநீர்

அக்குள், முழங்கையின் உட்புறம், முட்டியின் வெளிப்பக்கம் ஆகிய இடங்களில் நரம்பு தோலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. அங்கே கட்டைவிரலால் குத்தினாலோ காலால் மிதித்தாலோ நரம்பு நசுங்கும். லேசான மதமதப்பு ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விட்டால் பயமில்லை. மறுநாளும் விரல் மரத்திருந்தாலோ, பிடி தளர்ந்தாலோ, நடக்கும்போது பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தரையில் தட்டினாலோ நரம்பு மருத்துவரைப் பாருங்கள். குறுக்கைப் பிடித்தபின் இரண்டு காலும் பலமிழந்து, மலசலம் கட்டுப்படாமல் போனாலோ சிறுநீர் இறங்காமல் நின்றாலோ அது அவசர அறுவை வரைக்கும் போகிற விஷயம், அன்று ராத்திரியே ஆஸ்பத்திரி.

மிகக் கடுமையாக மிதித்துப் பிசைந்த மறுநாள் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால், தசை சிதைந்து அதன் புரதம் ரத்தத்தில் கலந்திருக்கிறது. அது சிறுநீரகத்தை அடைக்கும். வீட்டில் தண்ணீர் குடித்துச் சமாளிக்கப் பார்க்காமல் உடனே போய் ரத்தம் சோதியுங்கள்.

சிலருக்குக் கணக்கு வேறு

சர்க்கரை நோயாளிகள் மசாஜ் முடிந்ததும் பாதத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், விரல் இடுக்கு உட்பட. உணர்ச்சி குறைந்த காலில் கிழி ஒத்தடத்தின் (துணி முடிச்சைச் சூடாக்கி வைக்கிற ஒத்தடம்) சூடு தெரியாது, கொப்புளம் வந்தபின்தான் தெரியும். இன்சுலின் போட்ட இடத்தைத் தேய்த்தால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். வேர்த்து, கை நடுங்கி, படபடத்தால் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், பதினைந்து நிமிடத்தில் சோதித்துப் பாருங்கள்.

எலும்பு தேய்ந்த வயதானவர்களின் முதுகில் ஏறி மிதிக்கவே கூடாது. பிடித்தபின் முதுகெலும்பிலோ விலாவிலோ ஒரே இடத்தில் குத்துகிற வலி மூன்று நாளுக்கு மேல் நின்றால் எக்ஸ்ரே எடுங்கள், கீறல் விட்டிருக்கலாம். சுளுக்கிய கரண்டைக்காலை முதல் மூன்று நாள் யாரிடமும் உருவக் கொடுக்காதீர்கள். ஊன்றி நான்கடி வைக்க முடியவில்லையென்றால் அதற்கும் எக்ஸ்ரேதான் முதலில்.

பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள் ஆச்சிமாரே. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவைப் போன்ற அழற்சியை உண்டாக்கும். கற்பூரம், மென்தால் சேர்ந்த தைலம் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது. குப்பியைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். கற்பூரத் தைலத்தைக் குடித்துவிட்டால் வலிப்பு வரும்.

ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் கூச்சப்படாமல் மசாஜ் எடுத்ததைச் சொல்லுங்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு, உடம்பின் எந்த இடத்தில், கையாலா முழங்கையாலா காலாலா, கழுத்தைத் திருப்பினார்களா, வர்மப் புள்ளி என்று எங்காவது குத்தினார்களா, பிறகு அருவியில் நின்றீர்களா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதெல்லாம் வேண்டும். தைலக் குப்பியின் லேபிளை மசாஜுக்குப் படுக்கும் முன்பே போனில் ஒரு படம் எடுத்துவைத்திருந்தால், அதைக் காட்டினால் போதும்.